கதவைச் சாத்துங்கள்

என் பெயர் குப்பாயி. இதைச் சொன்னதும் சென்னையில் பலர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு இந்தப் பெயரா என்று ஒரு பேராசிரியர் முகத்துக்கு நேராகவே கேட்டார். பரமத்திப் பக்கம் எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு குப்பாயி உண்டு, அடுத்த தலைமுறையிலும் இருப்பாள், பழகிக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இந்தக் கதையிலும் அது அங்கங்கே வரும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம், சேலத்தில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு சாலம்மாள் டீச்சர் என்னைத் தேடி வந்தார். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே கல்லாங்காட்டுப்பாளையம் பெண்கள் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. பிறந்தது ஆத்தூர். பேச்சில் 'ங்க' குறைவு, கண்டிப்பு அதிகம். அவருடைய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. ஒன்பதும் பத்தும் வேண்டுமென்றால் ஒழுங்கான ஒரு பெரிய கூடம் கட்டிக் காட்டுங்கள் என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தில் எட்டு முடித்த பெண்ணை பஸ் ஏற்றி வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்புகிற அப்பனை நான் பார்த்ததில்லை. களை வெட்ட அனுப்புவார்கள், இல்லையென்றால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். சாலம்மாள் டீச்சர் ஊரை விரட்டிக் கூடத்தைக் கட்ட வைத்தார். வீடு வீடாக ஏறி, ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு இங்கேயே ஆரம்பம், அதுவரை எந்தப் பெண்ணுக்கும் பேச்சு முடிக்காதீர்கள் என்று சொல்லி வைத்தார். பூச்சு வேலை முடிந்தது. அப்புறம் வானம் வெடித்தது.

விமானப் படைக்காக ஒரு புது விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும் விமானம். அது மேலே கடந்து போன பிறகு, அது முட்டித் தள்ளிக்கொண்டு வந்த காற்று ஒரே அடியாகக் கீழே இறங்கும். காதுக்கு அது இரட்டை வெடி. வானத்தை மானம் என்கிற எங்கள் ஆட்கள் உடனே 'மானத்து வேட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்ன நாள், இன்ன நேரம், யாரும் பயப்பட வேண்டாம் என்று தாலுகா அலுவலகம் தண்டோரா போட்டிருந்தது. யாரும் பயப்படவில்லை. வெடித்து அடங்கியதும் போய்ப் பார்த்தால், கூடத்தின் தெற்குச் சுவரில் நடு உயரத்தில் குறுக்கே ஒரு விரிசல் ஓடி, இரண்டு முனையிலும் மூலைகளை நோக்கிக் கிளை விட்டிருந்தது.

கல்வி அதிகாரி வந்து பார்த்தார். கூடத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை, விரிசல் விட்ட சுவருக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். விமானச் சோதனைப் பிரிவின் பொறியாளர் வீரபாகு என்பவர், இந்த அளவு அதிர்ச்சிக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் விரிசல் விடாது, கலவையைச் சோதிக்கவும் என்று எழுதிவிட்டார். ஆகமொத்தம் குற்றம் ஊரின் தலையில் விழுந்தது.

"இது வெடியால ஆச்சா, இல்ல நாங்க கட்டுன லட்சணமா? கணக்குப் போட்டுச் சொல்ல நீ ஒருத்தி இருக்கேன்னு சொன்னாங்க" என்றார் சாலம்மாள் டீச்சர். நான் முதலில் பாடத்திட்டம், தேர்வுத் தாள் என்று ஏதோ இழுத்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜூன் மாதத்துக்குள் கூடம் திறக்காவிட்டால் அந்த வருடப் பெண்கள் போனது போனதுதான் என்றார். அவர் அதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சொன்னார். சரி என்றேன்.

கணக்கு என்றால் இதுதான். சுவரைக் காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று எழுத வேண்டும். ஒரு நொடியை ஆயிரத்துக்கும் மேல் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு கட்டமும் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். மனிதக் கையால் ஆகாது. சென்னையில் ஒரு பெரிய கணிப்பொறி இருந்தது. துளை போட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுநாள் காகிதக் கட்டாக விடை வரும். நேரத்துண்டை நான் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டதால், முதல் தடவை கல்லாங்காட்டுச் சுவர் மேட்டூர் அணை வரை நகர்ந்துபோனதாக விடை வந்தது. அட்டைகளை வாங்கி வைக்கும் பையன்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, துண்டைச் சின்னதாக்கி மறுபடி கொடுத்தேன்.

இரண்டாவது விடை சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அழுத்தம் சட்டென்று ஏறி, சீராக இறங்கி, பழைய நிலைக்கும் கீழே போய், மறுபடி சட்டென்று பழைய நிலைக்கு வருகிறது. அவ்வளவுதான் அந்த அதிர்ச்சி. அதற்கு என் சுவர் லேசாக அசைந்துகொடுத்துவிட்டு நின்றது. விரிசல் விடுவதற்கு வேண்டிய இழுப்பில் பாதிகூட வரவில்லை. வீரபாகு எழுதியதும் இதேதான். அப்படியானால் கலவையில் கை வைத்திருக்கிறார்கள். இதை சாலம்மாள் டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

தபாலில் சொல்ல மனமில்லாமல் நேரில் போனேன். அதிகாரியிடம் அனுமதி வாங்கி முத்திரையை உடைத்துக் கூடத்தைத் திறந்தார்கள். கட்டடக் கமிட்டித் தலைவர் கருப்பண்ணன் கூட வந்தார். அறுபதைத் தொட்டவர், நிறையக் காடு தோட்டம் உள்ளவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கலவை சரியில்லை என்று எழுதியதில் அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. நான் சாவியால் கலவையைச் சுரண்டினேன். உதிரவில்லை. சுத்தியலால் தட்டினேன். கணீரென்றது. என் விடையையும் அந்தச் சுவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். உள்பக்கம் விரிசல் மயிரிழை. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் அதே விரிசலில் எட்டணாக் காசின் விளிம்பு நுழைந்தது. அதாவது சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. வெளியே இருந்து வந்த அடி சுவரை உள்ளேதான் தள்ள வேண்டும். பின்னால் வருகிற இறக்கம் வெளியே இழுக்கும், ஆனால் இந்த அளவுக்கு இழுக்காது. உள்ளே இருந்து எதுவோ அழுத்தியிருக்கிறது. பூட்டிய காலிக் கூடத்துக்குள் அழுத்துவதற்கு என்ன இருக்கிறது?

வெடித்த அன்று கூடம் பூட்டித்தானே இருந்தது என்று கருப்பண்ணனிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே அபத்தமாகப் பட்டது.

"நாங்க வேட்டுக்குள்ளயே பொறந்து வளந்தவங்க அம்மிணி. தண்டோராச் சத்தம் கேட்டதுமே ரெண்டு கதவையும் ஒட்டுக்கா வெரியத் தொறந்து போட்டுட்டமுங்க. காத்து வந்தாப் போறதுக்கு வழி உடோணுமில்லீங்க?"

அந்தப் பக்கத்து மண்ணுக்குக் கீழே முழுக்கப் பாறை. வெடி வைக்காமல் ஒரு கிணறும் ஆழமாகாது. திரியில் நெருப்பு வைப்பதற்கு முன் ஓர் ஆள் 'வேட்டு, வேட்டு' என்று கத்திக்கொண்டு ஓடுவார். சுற்றி உள்ள எல்லா வீட்டிலும் கதவு சன்னல்களைத் திறந்து போட்டு, பரணில் இருக்கும் பானைகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். சாத்தி வைத்த வீட்டில்தான் சேதம் வரும். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் அம்மா செய்வார். கிணற்று வெடிக்கு அது சரியும்கூட. அது சுருக்கென்று அடித்துவிட்டுப் போய்விடும். மானத்து வேட்டு அப்படியல்ல. அதன் ஒரு தள்ளலும் ஒரு இழுப்பும் சேர்ந்து கிணற்று வெடியைவிடப் பல மடங்கு நேரம் நீடிக்கும்.

சன்னல்களைத் திறந்தீர்களா என்று கேட்டேன். சன்னலுக்கு இன்னும் கதவு வரவில்லை, பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறது என்றார் சாலம்மாள் டீச்சர். ஆக, எல்லாப் பக்கமும் மூடிய ஒரு கூடம். அதற்கு ஒரே ஒரு வாய், அந்த இரட்டைக் கதவு வாசல். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஊங் என்று சத்தம் வருமே, உள்ளே இருக்கிற காற்று வில் மாதிரி அமுங்கி விரிவதால் வருவது அது. இவர்கள் இவ்வளவு பெரிய பாட்டிலைக் கட்டி, வாயைத் திறந்து வைத்து, வானத்தை ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். கருப்பண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கதவு சாத்தியிருந்ததாக நினைத்துக்கொண்டு கணக்குப் போட்ட இரண்டு படித்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுபடி சென்னை. இந்தத் தடவை சுவரோடு உள்ளே இருக்கிற காற்றையும் சேர்த்து எழுதினேன். வாசல் அகலம், கூடத்தின் கொள்ளளவு எல்லாம் போயின. விடை வந்த காகிதத்தை விரித்தேன். கூடத்துக் காற்று ஊசலாடும் வேகமும் அந்த அதிர்ச்சியின் வேகமும் ஏறக்குறைய ஒன்று. வெளியே அழுத்தம் இறங்குகிற நேரத்தில் உள்ளே அது உச்சத்தில் நிற்கிறது. சுவர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெளியே புடைக்கிறது. நடு உயரத்தில் குறுக்கே உடைந்து மூலைகளுக்குக் கிளை விடுகிறது. நான் கண்ணால் பார்த்த விரிசலைக் கணிப்பொறி எண்களாக எழுதியிருந்தது. அந்த அறையில் யாரும் இல்லாதிருந்தால் ஆடியிருப்பேன்.

வீரபாகு நல்ல மனிதர் என்று சொல்ல வேண்டும். காகிதத்தை முழுக்கப் பொறுமையாகப் படித்தார். கதவு சாத்தியிருந்ததாகத் தான் எடுத்துக்கொண்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சித்திரையில் இரண்டாம் சுற்றுப் பறப்பு முடிவாகிவிட்டது, அதை நிறுத்தும் அதிகாரம் தனக்கில்லை என்றார். ஒரே நாளில், அரை மணி இடைவெளியில், இரண்டு தடவை. கதவைச் சாத்தி வைத்து இரண்டுக்கும் சுவர் தாங்கிவிட்டால், கட்டுமானத்தில் குறையில்லை, முதல் விரிசல் எங்கள் பறப்பால் வந்தது என்று தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அந்தத் தாள் கிடைத்தால் கல்வி அதிகாரி கூடத்தைத் திறப்பார். கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதும் என் காகிதத்தில் இருந்தது. ஏற்கெனவே உடைந்த சுவர் சாய்ந்துவிடும்.

கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஆட்களை நான் மறந்துபோயிருந்தேன்.

வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். நான் சோடா பாட்டிலை ஊதிக் காட்டினேன். எல்லோரும் ரசித்தார்கள். எல்லாம் முடிந்ததும் கருப்பண்ணன் எழுந்து, அம்மிணி சொன்னது நல்லாத்தான் இருந்தது, ஆனால் கதவைச் சாத்த முடியாது என்றார். கல்யாணமான புதிதில் பக்கத்துக் காட்டில் கிணற்றுக்கு வெடி வைத்தபோது அவர் மாட்டுக் கட்டுத்தறிக் கொட்டகைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாராம். சுவர் விழுந்து ஒரு காளை செத்தது. அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அந்த நிமிடம் என் காகிதக் கட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

வாதாடினேன். கிணற்று வெடி வேறு, இது வேறு என்றேன். பக்கத்தில் வெடிப்பதற்கும் உயரத்தில் வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். பொழுது சாயத் தொடங்கியது. கடைசியில் கருப்பண்ணன், எங்கள் பக்கத்தில் எந்த வழக்கிலும் சொல்லப்படும் தீர்ப்பைச் சொன்னார். இரட்டைக் கதவில் ஒரு கதவை அம்மிணி சொன்னபடி சாத்திவிடலாம், ஒரு கதவை ஊர் சொன்னபடி திறந்து வைக்கலாம், யாருக்கும் மனக்குறை இருக்காது. கூட்டம் முழுக்கத் தலையாட்டியது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டேன். பாதிக் கதவு திறந்திருந்தால் உள்காற்றின் ஊசல் இன்னும் மெதுவாகி, அதிர்ச்சியோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்தியது. முழுக்கத் திறப்பதைவிட மோசம். இது வரப்புத் தகராறு இல்லை, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதற்கு என்று கத்தினேன். பெரியவர்களைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போது சாலம்மாள் டீச்சர் எழுந்தார். அவர் கணக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "இத்தன வருஷத்துல நான் உங்ககிட்ட எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். கதவ சாத்துங்க. சுவர் விழுந்தா நான் ஊரை விட்டுப் போயிடுறேன், அப்புறம் ஒன்பதாவது பத்தாவதுன்னு யாரும் உங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கமாட்டாங்க."

கருப்பண்ணன் எழுந்து நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "செரி டீச்சர். சாத்திப்போடறமுங்க. நான் சொல்லிப்போட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பறப்பு நாளன்று காலையிலேயே போய்விட்டேன். விரிசலின் குறுக்கே நாலைந்து இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டால் ஒட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். வீரபாகுவும் வந்திருந்தார். அவர்தான் ஊர் மக்களை நெடுந்தூரம் தள்ளி, வேலியோரமாக நிற்க வைத்தார். எல்லார் வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. கூடத்தின் கதவை மட்டும் சாத்த வேண்டியதுதான் பாக்கி.

சாலம்மாள் டீச்சர் கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியை மாட்டினார். முத்திரை வைக்கும்போதும் உடைக்கும்போதும் ஆட்டி ஆட்டி அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஆணியோடு கையில் வந்துவிட்டது. உள்பக்கம் திறக்கும் கதவு. வெளியே எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் முதல் தள்ளலிலேயே திறந்துகொள்ளும். கருப்பண்ணன் ஓர் ஆளைக் கயிறும் கடப்பாரையும் கொண்டுவர ஓட விட்டார். வீரபாகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒரு ஆப்புச் செதுக்க மரத்துண்டு தேடி அடுத்த கட்டடத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. சாலம்மாள் டீச்சர் வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருப்பண்ணன் உள்ள போயிட்டாரு" என்றார்.

கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். வெளியே வாங்க தலைவரே, கூடம் போனால் போகட்டும் என்று கத்தினேன். உள்ளே இருந்து பதில் வந்தது. நிதானமான குரல்.

"நீங்க எட்டப் போயிருங்க அம்மிணி. சாத்தறேன்னு சொன்னது நானுங்க. செவுரு வாரதா இருந்தா, சொன்னவன் மேலயே வரட்டும்."

அந்த மனிதர் என் கணக்கில் ஓர் எண்ணைக்கூட நம்பவில்லை. சாத்திய கூடத்தில் சுவர் விழும் என்றுதான் அவர் நம்பினார். காளை எப்படிச் செத்தது என்று தெரிந்தவர். அது தெரிந்துதான் உள்ளே போய்த் தாழ் போட்டிருக்கிறார். வீரபாகு என் கையைப் பிடித்து வேலிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. என் மனசு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. வாசல் உயரத்தை அடியில் அளந்து மீட்டராக மாற்றினேனா? சுவரின் எடையை எங்கே எடுத்தேன்? விரிசல் விட்ட கட்டங்களின் பலத்தை ஊகித்துத்தானே போட்டேன், அந்த ஊகம் தப்பென்றால்? காகிதத்தில் எழுதும்போது அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு மனிதரை நான் நிற்க வைக்கவில்லை. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெடித்தது. முதல் பறப்பின் இரட்டை அடியும் நெஞ்சில் விழுந்தது. மரத்திலிருந்த காக்கைகள் ஒட்டுமொத்தமாக மேலே எழுந்தன. தூசி கிளம்பியது. சுவர் நின்றது. ஓடினேன். நான் கதவை அடைவதற்கு முன்னால் தாழ்ப்பாள் விலகி, கருப்பண்ணன் வெளியே வந்தார். வேட்டியெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஓடிப்போய் ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. பிறகு அவரிடம் வந்து, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா, உங்கள் வீட்டில் நான் என்ன பதில் சொல்வது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கயிறும் கடப்பாரையும் வந்து சேர்ந்தன. கடப்பாரையை வாசலின் குறுக்கே வைத்து, கைப்பிடிகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிப் பார்த்தோம். தோள் கொடுத்துத் தள்ளினால் கதவு நான்கு விரல் உள்ளே போனது. இழுத்து இழுத்துக் கட்டினாலும் அதே நான்கு விரல். முழுக்கத் திறந்த கதவுக்கும், பாதிக் கதவுக்கும், சாத்திய கதவுக்கும் என்னிடம் விடை இருந்தது. நான்கு விரல் சந்துக்கு இல்லை. இரண்டாவது பறப்புக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கருப்பண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாசற்படியில் ஏறினார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தத் தடவ நான் போறனுங்க" என்றேன்.

"பொம்பளப் புள்ள, வேண்டாஞ்சாமி" என்றார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் அவர் என்னைச் சாமி என்றது அதுதான் முதல் தடவை.

சாத்தச் சொன்னது நான், கணக்கு என்னுடையது, அதை நம்பாதவர் ஒரு தடவை உள்ளே இருந்துவிட்டார், நம்புகிறவள் இன்னொரு தடவையும் வெளியே நிற்க முடியாது என்று சொன்னேன். வீரபாகு இது விதிக்கு விரோதம் என்றார். விதியை எழுதியவரை நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள் என்றேன். சாலம்மாள் டீச்சர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

உள்ளே இருட்டு. பலகைச் சந்துகளில் வெயில் கோடு கோடாக விழுந்தது. தெற்குச் சுவருக்கு எதிரே நின்று அதையே பார்த்தேன். நின்றால் சுவர் கிட்டே வருகிற மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் ஓட முடியாது என்று மறுபடி நின்றேன். என் கணக்கு சரி என்பது எனக்குத் தெரியும். இந்தச் சுவரே அதை ஒரு தடவை ஒப்புக்கொண்டும் விட்டது. ஆனாலும் உடம்பு அதையெல்லாம் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடு என்றது. நான் இரண்டு கையாலும் அந்தத் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அடி விழுந்தது. கதவு என் கைக்குள் குதித்தது. பலகைகள் தடதடத்தன, மேலிருந்து தூள் கொட்டியது. காது அடைத்துக்கொண்டது. ஒரு மூச்சு விடும் நேரம் சுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

தாழை விலக்க முடியாதபடி விரல்கள் விறைத்துப் போயிருந்தன. எப்படியோ விலக்கி, தலையெல்லாம் சுண்ணாம்போடு வெளியே வந்தேன். வேலியோரம் இருந்து எல்லோரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். சாலம்மாள் டீச்சர் அவர்களுக்கு முன்னால் ஓடி வந்தார். அந்தக் கூட்டத்தில் கருப்பண்ணனைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடித் துண்டுகளைப் பார்ப்பதற்காகத் தெற்குப் பக்கம் திரும்பினேன். கருப்பண்ணன் அங்கே, விரிசலுக்கு நேர் கீழே, தலைக்கட்டெல்லாம் புதுத் தூசியோடு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.